கவிழ்த்தபோது வழியாதது

ஐந்தாம் தேதி, செவ்வாய்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் அத்தையும் இங்கே நலம். எஞ்சின் அறைச் சூட்டிலும் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். கப்பல் கம்பெனி அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கையில் சேர்த்துவிடுவார்களாம். போனில் பேசலாம்தான். லைன் கிடைக்கிற நேரத்தில் பாதி "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. மீதியை அத்தை எடுத்துக்கொள்கிறார். எனக்கு மிஞ்சுவது "சரி, வச்சிடவா" மட்டும்.

நல்ல செய்தி முதலில். அத்தைக்கு வலது கண் ஆபரேஷன் போன வியாழக்கிழமை முடிந்தது. இரண்டு முறை தள்ளிப்போய், நீங்களும் ஒவ்வொரு முறை பேசும்போதும் "இன்னுமா ஆகல" என்று கேட்டு, கடைசியில் ஒருவழியாக ஆகிவிட்டது. தள்ளிப்போனதற்கு டாக்டரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கம்பெனியிலிருந்து ஜெல் போகாமல் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்படி என்னதான் செய்றீங்க அங்க, பசை காய்ச்சுறீங்களா" என்று நீங்கள் ஒருமுறை கேலி செய்தீர்கள். கிட்டத்தட்ட அதேதான். பஞ்சிலும் மரத்திலும் இருக்கிற நார்ச்சத்துக்கு செல்லுலோஸ் என்று பெயர். பஞ்சைத் தண்ணீரில் போட்டால் ஊறும், கரையாது. அதையே காரத்தில் ஊறவைத்து, வேறு சில ரசாயனங்களைச் சேர்த்து மாற்றினால் வெள்ளை மாவாகிவிடும். அந்த மாவு எங்களுக்கு மூட்டையில் வருகிறது. அது வெந்நீரில் கரையாது. ஆறினால்தான் கரைந்து கண்ணாடி மாதிரி ஜெல்லாகும். உங்கள் அம்மாவைப் போலத்தான், சூடாக இருக்கும்போது எதற்கும் மசியாது, ஆறவிட்டால் தானாக இளகும்.

கண்ணுக்குள் பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிற அந்தச் சில நிமிடம், கண் சுருங்கிவிடாமல் உள்ளேயிருந்து தாங்கிப் பிடிப்பது இந்த ஜெல்தான். வேலை முடிந்ததும் கழுவி எடுத்துவிடுவார்கள். வந்துபோன சுவடே தெரியக்கூடாது.

அத்தை ஆபரேஷன் அறைக்குள் போகும்போதே நர்ஸிடம், "அந்த சிரிஞ்சுல இருக்கிறது என் மருமக பாத்து அனுப்பினது" என்று பெருமை பேசினாராம். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர் சும்மா இருப்பாரா? வாசலில் மாட்டியிருந்த பலகையில் ஓர் ஒற்றுப்பிழையையும் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தாராம்.

ஒரு சின்னக் கவலை. மறுநாள் கட்டைப் பிரித்ததும் கண் நன்றாகச் சிவந்திருந்தது. எதிரே ஈரத்துணி தொங்குகிற மாதிரி மங்கலாக இருக்கிறது என்கிறார். மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விடச் சொல்லியிருக்கிறார்கள். நேற்றுச் சாயங்காலம் மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது, "துணிக்குப் பின்னால யாரோ நிக்கிறாங்க பாரு" என்றார். யாரும் இல்லை அத்தை, அலமாரிதான் என்றேன். சொல்லிவிட்டு நானும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

கவலைப்பட வேண்டாம். சரியாகிவிடும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி

*

இருபத்தாறாம் தேதி, செவ்வாய்

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அம்மா கண்ணுக்கு நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்" என்று எழுதியிருந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று இன்னொரு நாள் சொல்கிறேன்.

அத்தைக்குக் கண் மெல்லத் தெளிகிறது. இப்போது தலைப்புச் செய்திகளைப் படிக்கிறார். உள்ளே இருக்கிற சின்ன எழுத்து இன்னும் பிடிபடவில்லை.

அவருக்கு மட்டும் வந்த வினை இல்லை இது. அன்று ஆபரேஷன் நடந்த ஒன்பது பேரில் ஆறு பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது. தினமும் பரிசோதனைக்குப் போய் உட்காருகிற பெஞ்சில் அத்தைக்கு ஒரு சிநேகிதர் கிடைத்திருக்கிறார். கடிகாரம் பழுது பார்ப்பவர். அத்தை அவருக்கு முள்ளுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார். அவரும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கிறார். மாடிப்படிக்கு அடியில் ஓர் அலமாரி அகலத்தில் கடை. முப்பத்தைந்து வருடமாக வலது கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு வேலை செய்தவர்.

ஐந்து பேருக்குக் கண் திரும்பிக்கொண்டிருக்கிறது. அவருக்கு மட்டும் திரும்பாது என்று போன வாரம் சொல்லிவிட்டார்கள். வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான் தெரிகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறார். வாசலைப் பார்த்தபடி உங்கள் நாற்காலியில் உட்காருகிறார். "இடது கண்ணு இத்தன வருஷம் சும்மா மூடிக்கிட்டு இருந்துச்சு. இப்பதான் வேலைக்குச் சேந்திருக்கு. ஒண்ணும் தெரியல அதுக்கு, பாவம்" என்கிறார். அத்தை விழுந்து விழுந்து சிரிக்கிறார். நான் டீ கொண்டுபோய் வைக்கிறேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது போலிருக்கிறது. கோப்பைக்கு இரண்டு விரல் தள்ளிக் காற்றைப் பிடிக்கிறார். கோப்பையை நகர்த்தி அவர் கைக்குள் வைக்கிறேன். "நல்லா இரும்மா" என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று சொல்லி உள்ளே போய்விடுகிறேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

அவர் போன பிறகும் அந்த நாற்காலி காலியான மாதிரி இல்லை. துடைக்கப் போனால்கூட, கொஞ்சம் எழுந்துகொள்ளுங்கள் என்று கேட்க வாய் வருகிறது.

இன்னொன்று. மருந்து விடுகிற நேரங்களைப் படிக்கச் சொல்லி அத்தை ஆஸ்பத்திரிக் கோப்பை நீட்டினார். கடைசிப் பக்கத்தில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒன்று லென்ஸுடையது. இன்னொன்று ஜெல்லுடையது, ஒரே தடவையில் காய்ச்சிய தொகுதிக்கு நாங்கள் போடுகிற எண்ணோடு. "அதுல என்ன போட்டிருக்கு" என்று கேட்டார். ஒன்றுமில்லை அத்தை, விலாசம் என்றேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது என்று நினைக்கிறேன். சின்னச் சின்னது இருக்கலாம். இது அந்தக் கணக்கில் சேராது.

நான் எதை எடுத்தாலும் கவிழ்த்துப் பார்க்கிறேன் என்கிறார் அத்தை. பசை பாட்டில், எண்ணெய்க் கிண்ணம், அவருடைய இருமல் மருந்து. "வழியுதா இல்லையான்னு பாக்க நீ என்ன குழந்தையா" என்று திட்டினார். நான் செய்வது எனக்கே தெரிவதில்லை. கை தானாகச் சாய்க்கிறது. வழிந்தால்தான் மூச்சு வருகிறது.

வேறு விசேஷம் இல்லை. குளியலறைக் குழாய் சொட்டியது, ஆள் வந்து சரிசெய்துவிட்டார்.

உங்கள் மனைவி

*

பதினான்காம் தேதி, ஞாயிறு

அன்புள்ள உங்களுக்கு,

அத்தை முள்ளுக்காரரோடு பூங்காவரை நடக்கப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் மறுபடி என்னால் எழுத முடியாது.

அந்தத் தொகுதியைச் சோதித்து அனுப்பியது நான்.

எப்படிச் சோதிப்போம் என்று சொல்கிறேன். ஜெல்லை நீராவிக் கலனில் வைத்துச் சூடாக்கும்போது அதில் இருக்கிற கிருமி எல்லாம் செத்துவிடும். ஆனால் செத்த கிருமியின் ஓடு அங்கேயே கிடக்கும். அதை எந்தச் சூடும் எளிதில் ஒன்றும் செய்யாது. உயிரோடு இருந்தபோது செய்ததைவிட அதிகமான கெடுதலைச் செத்த பிறகு அது கண்ணுக்குள் செய்யும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு பழகிவிட்டது. பழகியிருக்கக்கூடாது.

அந்த எச்சம் இருக்கிறதா என்று பார்க்க, ஜெல்லை நன்றாக நீர்க்கவைத்து, சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குழாயில் ஒரு மருந்தோடு கலந்து, உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் வைப்போம். பிறகு குழாயைக் கவிழ்ப்போம். வழிந்தால் நல்லது. உறைந்து அப்படியே நின்றால் எச்சம் இருக்கிறது. எப்போதும் இரண்டு குழாய் வைப்போம்.

அன்று ஒன்று வழிந்தது. ஒன்று நின்றது.

அதற்கு முந்தைய வாரம் தண்ணீர்ப் பம்பு பழுதாகி, ஜெல்லுக்குத் தண்ணீர் வருகிற குழாய்களில் நான்கு நாள் தண்ணீர் கிருமி வளர்கிற மாதிரி தேங்கி நின்றது எனக்குத் தெரியும். எங்கள் பரிசோதனைக்கூட மேலாளருக்கும் தெரியும். காட்டினேன். "ஒண்ணுதானே நின்னிருக்கு. குழாய் சரியா கழுவாம இருந்திருக்கும். இன்னொரு தடவ பாரு" என்றார். பார்த்தேன். இரண்டும் வழிந்தன. "அவ்வளவுதான். புதுத் தாள்ல எழுதிடு. அங்க ஆபரேஷன் தள்ளிப்போய்க்கிட்டே இருக்கு" என்றார். இரண்டு முடிவுகளையும் எழுதி, காரணம் தெரியும்வரை தொகுதியை நிறுத்திவைக்க வேண்டும் என்பதுதான் விதி. நான் இரண்டாவதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் மிரட்டவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் சொன்னதும் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. தள்ளிப்போன ஆபரேஷன்களில் ஒன்று அத்தையுடையது. அந்த ஜெல் சீக்கிரம் போக வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் விரும்பினேன்.

இதோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரி எங்கள் கம்பெனிக்கு எழுதிக் கேட்டது. கம்பெனி என் கையெழுத்துப் போட்ட தாளை நகல் எடுத்து அனுப்பி, எங்கள் பக்கம் சுத்தம் என்றது. அப்படியானால் கருவிகளைக் கழுவியதில்தான் கோளாறு என்று, அங்கே இருபது வருடமாகக் கருவி கழுவுகிற அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போன புதன்கிழமை அத்தையோடு போனபோது அவரைப் பார்த்தேன். கூண்டில் நிற்கிற மாதிரி அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கையைக் காட்டினார். "நான் நல்லாத்தான் கழுவினேன். இந்தக் கையப் பாருங்க" என்றார். என்னிடமும் காட்டினார். விரல் நுனியெல்லாம் வெந்நீரில் வெளுத்துச் சுருங்கி, ரேகையே இல்லாமல் இருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒவ்வொரு தொகுதியிலும் சான்றுக்காக எடுத்துவைக்கிற சிரிஞ்சுகளிலிருந்து அந்தத் தொகுதியுடைய ஒன்றை எடுத்தேன். இரண்டு குழாய் வைத்தேன். ஒரு மணி நேரம் அந்தக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மனதுக்குள் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? வழியட்டும் என்று. அப்போதும் அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

இரண்டும் நின்றன. தலைகீழாகப் பிடித்து, விரலால் தட்டிக்கூடப் பார்த்தேன். அசையவில்லை.

அத்தையின் குரல் கேட்கிறது.

உங்கள் மனைவி

*

இரண்டாம் தேதி, வெள்ளி

அன்புள்ள உங்களுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. கப்பல் நடுக்கடலில் இருக்கிறது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அப்படித்தான் என்று நானும் எடுத்துக்கொள்கிறேன்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். அன்றே, அவர் செருப்பைக் கழற்றி முடிக்கும் முன்பே. முழுவதையும் நின்றபடியே கேட்டார். கத்தவில்லை. "முள்ளுக்காரருக்குத் தெரியுமா" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "என் வீட்டுல என் முன்னாடி அவருக்கு டீ குடுத்தியே" என்றார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதிலிருந்து கண் மருந்தை அவரே விட்டுக்கொள்கிறார். பாதி கன்னத்தில் வழிகிறது. நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மறுநாள் முள்ளுக்காரர் கடைக்குப் போய் அவரிடம் சொன்னேன். ஒரு சுவர்க்கடிகாரத்தைத் திறந்து வைத்து, முகத்தை அதற்குள் புதைக்காத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பத்து இருபது கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டிக்கொண்டு. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் கை ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டே இருந்தது. அவர் திட்டுவார், அழுவார், வெளியே போ என்பார் என்றெல்லாம் நினைத்துப் போயிருந்தேன். அதற்கெல்லாம் என்னைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

அவர் கேட்டது இதுதான். "அந்த மாதிரி எத்தன ஊசி செஞ்சீங்க?"

நானூறு என்றேன்.

"எங்களுக்குப் போட்டது ஒம்போது. மிச்சம் எங்கம்மா இருக்கு?"

இத்தனை நாள் அந்த நாற்காலி, அந்தக் கோப்பை, அந்தக் கை என்று என்னையே சுற்றிச் சுற்றி வந்தேனே தவிர, இதை நினைக்கவில்லை. நினைக்கப் பயந்து ஒதுக்கிவைத்தேனோ என்னவோ. கண் போனவருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. "இங்க எதுக்கு நிக்கிற? போ" என்றார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. அதற்குள் கையில் கிடைத்திருந்த திருகாணி நழுவி விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுக்கப் போனேன். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன். போ" என்றார்.

அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அத்தைக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே போனை எடுத்தார். முதலில் தன் ஆஸ்பத்திரி அலமாரியைப் பூட்டச் சொன்னார். அடுத்து மருந்து ஆய்வாளரைக் கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் ஏழு ஆஸ்பத்திரிகளுக்குத் தகவல் போய்விட்டது. இரண்டு இடத்தில் மறுநாள் காலை போடுவதற்காக எடுத்தே வைத்திருந்தார்களாம்.

கம்பெனியில் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். என்னையும் மேலாளரையும் விசாரணை முடியும்வரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அவர் ஒரே ஒரு தடவை பேசினார். "அத்தைக்குத்தான் சரியாயிடுச்சே, அப்புறம் எதுக்கு" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன். கருவி கழுவுகிற அம்மாவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். என்னை யாரென்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் எழுந்து போய்விட்டார்.

ஆய்வாளருக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். நான்கு பக்கம் எழுதி மேசையில் வைத்திருந்தேன். மத்தியானம் வந்து பார்த்தால் அத்தை பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறார், சிவப்புப் பேனாவோடு. ஒற்றுப்பிழை எதையும் தொடவில்லை. "முதல் முடிவு பதிவு செய்யப்படவில்லை" என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "நான் பதிவு செய்யவில்லை" என்று போட்டிருந்தார். "தவறு நேர்ந்துவிட்டது" என்பதை "தவறு செய்தேன்" என்று மாற்றியிருந்தார். நான்கு பக்கத்திலும் அப்படியே, ஓர் இடம் விடவில்லை. "எல்லாத்தையும் செய்வினையில எழுது" என்றார். மூன்று வாரத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. செய்வினை என்றால் ஊரில் வேறு அர்த்தம் சொல்வார்கள் அல்லவா, யாரோ யாருக்கோ வைப்பது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. நானும் நிறுத்திக்கொண்டு, உட்கார்ந்து திரும்ப எழுதினேன்.

நானூற்றில் பதினொன்று மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை. எந்த ஆஸ்பத்திரிப் பதிவிலும் இல்லை. கைமாற்றாக யாரோ யாருக்கோ கொடுத்திருக்கலாம், ஏதோ ஒரு முகாமுக்கு எடுத்துப் போயிருக்கலாம் என்கிறார் ஆய்வாளர். கறுப்புக் கண்ணாடி போட்ட யார் எதிரில் வந்தாலும் நான் நின்றுவிடுகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கண்ணைக் கசக்கினால் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுகிறேன். நேற்று ஓர் அம்மாவிடம், கண்ணில் என்ன என்று கேட்டேவிட்டேன். தூசி என்றார். அவர் இறங்கி, தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு பேர் எங்கோ இருக்கிறார்கள், அல்லது இனிமேல்தான் அந்த ஊசி அவர்கள் கண்ணுக்குப் போகப்போகிறது. இது என்னோடு கடைசிவரை வரும் என்று தெரிகிறது. வரட்டும்.

முள்ளுக்காரர் இப்போது வருவதில்லை. அத்தைதான் அவர் கடைக்குப் போகிறார். சின்னத் திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்துக் கொடுக்கிறாராம். அத்தையின் வலது கண்ணும் அவருடைய இடது கண்ணும் சேர்ந்து ஓர் ஆளுக்கான வேலை நடக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

எஞ்சினைத் திறக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் குனிய வேண்டாம். வியர்க்கிறது என்று நீங்கள் கழற்றி வைப்பீர்கள். கழற்ற வேண்டாம். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

அடுத்த மாதக் கடைசியில் கப்பல் இங்கே வருகிறது என்றார்கள். நான் துறைமுகத்துக்கு வரலாமா, வேண்டாமா என்று ஒரு வரி எழுதுங்கள். வரச் சொன்னால் காலையிலேயே வந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். வேண்டாம் என்றால் அத்தையை மட்டும் பஸ் ஏற்றி அனுப்புகிறேன். படி இறங்கும்போது அவர் கையை விட்டுவிடாதீர்கள். கண் தெரிகிறது என்பார், கேட்காதீர்கள். கடைசிப் படி எங்கே முடிகிறது என்று இன்னும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

எந்தக் கடலில் இருந்தாலும் நல்லபடியாகக் கரை வந்து சேருங்கள்.

இன்னும் உங்கள் மனைவி என்றே எழுதுகிற
நான்